ஓய்வுபெற்ற அம்மாவோடு சேர்ந்து விளையாட எந்த வீடியோ கேம் ஏற்றது?

பாயான்பாரு மகன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான் வேலை நிமித்தம் கோலாலம்பூரில் தங்கியிருக்கிறேன்; அம்மா பினாங்கில், பாயான் பாருவில், தங்கையோடு இருக்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இளம் வயதில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே உழைத்தவர். பல ஆண்டுகள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் மீது பொருத்தும் பிரிவில் இருந்தார்.

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியைக் கையோடு எடுத்துச் சென்றேன். ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ கேமில், பழக்கமில்லாதவர்களின் வண்டி சாலையை விட்டு விலகாதபடி தானாகவே திருப்பிக் கொடுக்கும் வசதி ஒன்று உண்டு. அதை அம்மாவின் வண்டிக்கு இயக்கி வைத்தேன். முதல் பந்தயம் முடிவதற்குள்ளாகவே, தம் வண்டியின் பின்னால் மட்டும் சிறிய ஆண்டெனா ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதை அவர் கவனித்துவிட்டார். அது எதற்கு என்று கேட்டார், சொன்னேன். “அதை எடுத்துவிடு, விழுந்தால் நானே விழுகிறேன்” என்றார். எடுத்த பிறகு நிறையவே விழுந்தார். ஆனால் மறுநாள் மாலைக்குள் ஒரு மாற்றம் தெரிந்தது. நானும் தங்கையும் வளைவு வந்தால் கண்ட்ரோலரின் குச்சியை ஒரேயடியாக ஓரத்துக்குத் தள்ளுவோம். அம்மாவோ கட்டைவிரலின் நுனியால் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் அசைத்து, வளைவின் உள்விளிம்பை ஒட்டியே வண்டியைக் கொண்டு போனார். அந்தக் கை எங்கே பழகிய கை என்று எனக்குத் தெரியும்.

இனி என் கேள்விகள். பந்தயம் விரைவில் சலித்துவிடும் என்று நினைக்கிறேன். எதிரெதிராக இல்லாமல் இருவரும் ஒரே பக்கம் நின்று விளையாடக்கூடியவை எவை? நான் கோலாலம்பூர் திரும்பிய பிறகும் அதை எப்படித் தொடர்வது? மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது: அம்மா உண்மையாகவே விரும்பி விளையாடுகிறாரா, அல்லது மகன் ஆசைப்படுகிறான் என்பதற்காக உட்காருகிறாரா? இதை எப்படித் தெரிந்துகொள்வது?

செந்தூல் அப்பா எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வேலைக்குப் போகும் இரண்டு மகன்களோடு விளையாடுகிறேன். பெற்றோர் என்றால் கண்ட்ரோலரைத் தொட்டறியாதவர்கள் என்று இளையவர்கள் எண்ணிக்கொள்வதை முதலில் திருத்த விரும்புகிறேன். தைவானில் தயாரான ‘மைக்ரோ ஜீனியஸ்’ கேம் பெட்டி 80களின் இறுதியிலும் 90களின் தொடக்கத்திலும் நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருந்தது. ஜப்பானின் ஃபாமிகாம் கேம் பெட்டிக்கு உரிய காட்ரிட்ஜ்கள் அதில் ஓடும். பள்ளி விடுமுறை என்றால் அந்தப் பெட்டி இருக்கும் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும்.

அதில் ‘கோண்ட்ரா’ விளையாடியவர்களுக்கு மூன்றாம் கட்டத்து அருவி நினைவிருக்கும். இருவரும் பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். ஒருவர் அவசரப்பட்டு முன்னே ஏறிவிட்டால் திரையும் மேலே நகரும், கீழே நிற்பவர் திரைக்கு வெளியே தள்ளப்பட்டுச் செத்துவிடுவார். எதிரி சுட்டுச் சாவதை விட, கூட வந்தவனின் அவசரத்தால் செத்தவர்களே எங்கள் தெருவில் அதிகம். நன்றாக ஆடத் தெரிந்தவனோடு அல்ல, நின்று பார்த்து ஏறுபவனோடுதான் எல்லாரும் ஜோடி சேர விரும்புவார்கள். இன்று என் மகன்கள் என்னை விட வேகமானவர்கள். அவர்களில் மூத்தவன் நிற்பான்; இளையவன் நிற்கமாட்டான். யாரோடு அதிகம் விளையாடுகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் கேள்விக்குப் பதிலாகச் சில பெயர்கள். ‘இட் டேக்ஸ் டூ’, ஸ்வீடனின் ஹேஸ்லைட் நிறுவனம் உருவாக்கி 2021இல் வெளிவந்தது. அதைத் தனியாக ஆடவே முடியாது, இருவர் கட்டாயம். ஒருவர் கையில் சுத்தியல் என்றால் மற்றவர் கையில் ஆணி. ஆணியை எறிந்து குத்தினால்தான் சுத்தியல்காரர் அதில் தொங்கிக் கடக்க முடியும். இருவரில் யாரும் ஒப்புக்குச் சப்பாணி அல்லர் என்பதே அதன் சிறப்பு. ஆனால் கதை, மணமுறிவின் விளிம்பில் நிற்கும் ஒரு தம்பதியைப் பற்றியது. நடுவே பொம்மை யானை வரும் கட்டம் பலருக்கு மனத்தை மிகவும் வருத்தும். உங்கள் வீட்டுச் சூழலை அறிந்து தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று நம் ஊர்ப் படைப்பு. கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் உருவாக்கி 2020இல் வெளிவந்த ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ கேமை ஒரே திரையில் இருவர் ஆடலாம்; இசையின் தாளத்துக்கேற்ப எதிரி தாக்குவான், காதைத் தீட்டிக்கொண்டால் கண் தப்பவிட்டதையும் பிடித்துவிடலாம். அம்மாவுக்கு இசைப் பழக்கம் இருந்தால் முயன்று பாருங்கள்.

ஸ்கோட் சாலை எழுதியது:

‘ஓவர்குக்ட்’ யாரும் சொல்லவில்லையே. சமையலறையில் வெட்டுவது, வேகவைப்பது, தட்டில் வைத்து அனுப்புவது எல்லாம் கூட்டு வேலை. நேரக் கணக்கு பதற்றம் தரும் என்பதால், 2020இல் வந்த தொகுப்புப் பதிப்பை வாங்கி, அதில் உள்ள உதவி முறையை இயக்கினால் நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

ஈப்போ சாலை ஆசிரியை எழுதியது:

எல்லாரும் எந்த கேம் என்பதிலேயே இருக்கிறீர்கள். நான் பல ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் ஐயத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வரும் பிள்ளை, வீட்டில் தங்கப்போவது இரண்டு மூன்று நாள்தான். அந்த நேரத்தையும் திரைக்கு முன்னால் செலவிட வேண்டுமா? உலகச் சுகாதார நிறுவனமே வீடியோ கேம் அடிமைத்தனத்தை ஒரு நோய்நிலையாகத் தன் வகைப்பாட்டில் சேர்த்து, அது 2022 தொடக்கம் நடைமுறையில் இருக்கிறது.

தம்பியின் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இது. விடுமுறை நாளில் காலையிலிருந்து சமைத்து, வந்தவர்களுக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவி ஓய்ந்து உட்காரும் ஒரு தாயிடம் மகன் வந்து “வாங்கம்மா, விளையாடலாம்” என்றால், அவர் எவ்வளவு களைத்திருந்தாலும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். அவர் மறுக்கவில்லை என்பதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செந்தூல் அப்பா எழுதியது:

ஆசிரியை அம்மாவின் கடைசிப் பத்தியில் உள்ளது முழு நியாயம். அதற்கு வழி, பாத்திரத்தைப் பிள்ளைகள் கழுவிவிட்டு அம்மாவை அழைப்பதுதான்.

ஆனால் நோய் பற்றிய குறிப்பைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அந்த வகைப்பாடு சொல்வது விளையாடும் எல்லாரையும் அல்ல. விளையாட்டின் மீது கட்டுப்பாட்டை இழந்து, மற்ற வேலைகளையும் ஈடுபாடுகளையும் அதற்குப் பின்னால் தள்ளி, கெடுதல் கண்கூடாகத் தெரிந்த பிறகும் தொடர்பவர்களை, அதுவும் வழக்கமாக 12 மாதமாவது அந்த நிலை நீடித்தால்தான். ஒரு மாலையில் மகனோடு ஒரு மணி நேரம் ஆடுவது அந்தக் கணக்கில் வராது. தொலைக்காட்சித் தொடரை ஒரே கூடத்தில் நால்வர் உட்கார்ந்து ஆளுக்கொரு திசையில் மௌனமாகப் பார்ப்பதும் திரைதான். கேமில் அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்காமல் ஓர் அடி நகர முடியாது.

ஆயர் ஈத்தாம் அம்மா எழுதியது:

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விக்கு ஒரு தாய் நேரடியாகப் பதில் சொல்வதே முறை என்று நினைத்து எழுதுகிறேன்.

என் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, எல்லையும் மூடப்பட்டது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 20 அன்று, ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ வெளியானது. வீட்டில் மகன் வைத்திருந்த ஸ்விட்சில் அதை வாங்கிப் போட்டுக் கொடுத்தான். ஒரு தீவில் வீடு கட்டிக்கொண்டு, மரம் நட்டு, மீன் பிடித்து வாழ்வதுதான் விளையாட்டு. நாம் வாழும் நாளும் பொழுதும்தான் அங்கேயும். இங்கே அந்தி சாய்ந்தால் அங்கேயும் அந்தி சாயும்.

எங்கள் தீவில் பேரிக்காய், மகளின் தீவில் பீச். சொந்தத் தீவின் பழத்தை விற்றால் 100 பெல்தான் (அந்த விளையாட்டின் காசு) கிடைக்கும். வெளித்தீவுப் பழம் என்றால் 500. ஆகவே அவள் பழத்தைக் கொண்டுவந்து என் தீவில் போட்டாள், நான் என் பழத்தை அவளுக்குக் கொடுத்தனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிழங்குக்காரப் பெண் வருவாள். நண்பகலுக்கு முன் அவளிடம் டர்னிப் வாங்கி வைத்து, விலை ஏறும்போது விற்க வேண்டும். முற்பகலுக்கு ஒரு விலை, பிற்பகலுக்கு ஒரு விலை. அடுத்த ஞாயிறு வந்தால் மிச்சமெல்லாம் அழுகிவிடும். ஆயர் ஈத்தாம் சந்தையில் காய்கறிக்குப் பேரம் பேசிப் பழகிய எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எப்போது கையிருப்பைத் தள்ளிவிட வேண்டும் என்று மகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நாள்தோறும் “உன் தீவில் இன்று என்ன விலை?” என்று கேட்டுத் தொலைபேசியில் அழைப்பேன். “எப்படியம்மா இருக்கிறாய்?” என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பெண், கிழங்கு விலையில் தொடங்கி, அறையில் தனியாக அடைந்து கிடப்பதையும், இரவில் தூக்கம் வராததையும், வேலை போய்விடுமோ என்ற பயத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசியிருந்தால் அதைச் சொல்லியிருக்கமாட்டாள், நானும் கேட்டிருக்கமாட்டேன். எல்லை 2022 ஏப்ரலில் முழுமையாகத் திறந்து அவள் ஊர் வந்துபோகத் தொடங்கிய பிறகும் நாங்கள் விளையாட்டை நிறுத்தவில்லை.

பெற்றோருக்கு விருப்பம் இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, நீங்கள் இல்லாத நேரத்தில் அவர் அதைத் தொடுகிறாரா என்று பார்ப்பது. பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் திணறும்போது “கொடுங்கம்மா, நான் செய்கிறேன்” என்று கையிலிருந்து கண்ட்ரோலரை வாங்காதீர்கள். வங்கிச் செயலியானாலும் சரி, கைப்பேசியானாலும் சரி, இப்போதெல்லாம் எங்கள் கையிலிருந்து எதையாவது வாங்கி நீங்களே முடித்துத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். வேலை நடந்துவிடுகிறது, ஆனால் எங்களுக்கு அது கைவராமலே போகிறது. விளையாட்டில் தோற்றால் யாருக்கும் நட்டமில்லை. அங்கேயாவது எங்களைத் திணற விடுங்கள். தம்பியின் அம்மா அந்த ஆண்டெனாவை எடுக்கச் சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது.

சுங்கை பெசி சிகிச்சையாளர் எழுதியது:

மூத்தவர்களுக்கான தொழில்வழிச் சிகிச்சை என் பணி. அம்மா எழுதியதை அப்படியே ஏற்கிறேன். திணற விடுவதற்கும் தடையை நீக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சொல்கிறேன். திறமை குறைவால் வரும் திணறல் பழகப் பழகக் குறையும். கண்ணாலோ கையாலோ வரும் திணறல் பழகினாலும் குறையாது. அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பலரும் கவனிக்காதது மூக்குக்கண்ணாடி. வாசிப்புக் கண்ணாடி அணிந்தால் கையில் உள்ள பொத்தான்கள் தெரியும், தொலைக்காட்சி மங்கும். கழற்றினால் தொலைக்காட்சி தெரியும், பொத்தான் எழுத்து தெரியாது. பெற்றோர் மெதுவாக ஆடுகிறார் என்று நீங்கள் நினைப்பது, பெரும்பாலும் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருப்பதால் வரும் தாமதம்தான். பொத்தான்களின் மீது ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் சிறிய ஒட்டுப்பொட்டு ஒட்டி, ஒன்றிரண்டைச் சற்று மேடாக விட்டால் விரலே கண்டுகொள்ளும்.

அடுத்தது தலைசுற்றல். கதாபாத்திரத்தின் கண்வழியே பார்க்கும் கேம்களில் காட்சி ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் உட்செவி உடல் அசையவில்லை என்று சொல்லும். இந்த முரண்தான் குமட்டலைத் தருகிறது. பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ பார்க்கும், கேமரா நிலையாக இருக்கும் கேம்களிலிருந்து தொடங்குங்கள். 2023இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்’ நல்ல தேர்வு. அதில் யோஷி அல்லது நாபிட் என்ற கதாபாத்திரமாக ஆடினால் எதிரி பட்டாலும் சேதமில்லை, யோஷியின் முதுகில் மற்றவர் ஏறிக்கொள்ளவும் முடியும்.

ஒரு கை பலவீனமானவர்கள், விரல் மரத்துப்போனவர்கள் என்றால் எக்ஸ்பாக்ஸில் இரண்டு கண்ட்ரோலர்களை ஒரே ஆட்டக்காரருக்கு உரியதாக இணைக்கும் வசதி உண்டு. அம்மா நடக்க வைப்பார், மகன் தாவ வைப்பார். திரையில் ஓடுவது ஒரே ஆள். பக்கவாதத்துக்குப் பின் தேறிவரும் ஒரு தந்தையும் அவர் மகளும் இப்படி ஆடியதை நேரில் பார்த்திருக்கிறேன். எந்தப் பொத்தான் யாருக்கு என்று அவர்கள் பிரித்துக்கொள்ளவே வெகுநேரம் ஆனது. அந்த வாக்குவாதத்தில் அவர் பேசிய அளவு, அதுவரை எங்களிடம் பேசியதே இல்லை.

பாயான்பாரு மகன் எழுதியது:

ஆயர் ஈத்தாம் அம்மாவின் பதிவைத் தங்கைக்கு அனுப்பினேன். நான் கோலாலம்பூர் திரும்பும்போது ஸ்விட்சை வீட்டிலேயே விட்டுவந்திருந்தேன். தங்கை வேலைக்குப் போன பிறகு, பகலில் அம்மா தனியாகவே அதை எடுத்து ஓட்டிப் பழகுகிறாராம். தொலைக்காட்சியில் இணைக்காமல், வாசிப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் வைத்தே ஆடுகிறாராம். மூன்றாவது கேள்விக்கும் சிகிச்சையாளர் சொன்ன கண்ணாடிக் கணக்குக்கும் ஒன்றாகப் பதில் கிடைத்துவிட்டது.

அம்மாவுக்குத் தோட்டம் என்றால் உயிர். பண்ணை வைத்துப் பயிரிடும் ‘ஸ்டார்டூ வேலி’ கேம் சரிவருமா?

செந்தூல் அப்பா எழுதியது:

சரிவரும், ஆனால் ஒன்றை அறிந்து தொடங்குங்கள். அதில் பண்ணை யார் பெயரில் தொடங்கப்பட்டதோ அவர் உள்ளே இருந்தால்தான் மற்றவர் வர முடியும். பண்ணையை உங்கள் கணக்கில் தொடங்கினால், நீங்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரமெல்லாம் அம்மா வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். அம்மாவின் பெயரிலேயே பண்ணை இருக்கட்டும்; நீங்கள் விருந்தாளியாகப் போய் வாருங்கள். ஒரு நாள் பொழுது ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும், எல்லாரும் படுத்தால்தான் அதற்கு முன்பே விடியும். அவர் பாத்தியில் நீர் ஊற்றி முடிக்கும்வரை நீங்கள் விழித்திருக்க வேண்டும். எழுத்து சிறியது, அமைப்பில் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஸ்கோட் சாலை எழுதியது:

தமிழர் வீட்டுக்கென்றே ஒன்று உண்டு, விட்டுவிடக் கூடாது. ‘வெண்பா’, 2023இல் கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்டது, 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. 80களின் இறுதியில் கனடா போய்ச் சேரும் ஒரு தமிழ்த் தம்பதியும் அங்கே வளரும் அவர்கள் மகனும்தான் கதை. அம்மாவின் கிழிந்து கறைபட்ட சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன இடங்களை ஊகித்து, இட்லியும் புட்டும் செய்து முடிக்க வேண்டும். ஒரே ஒருவர் ஆடும் கேம்தான், ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் கண்ட்ரோலரைப் பிடித்திருந்தேன், என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நான் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதே அம்மா விடையைச் சொல்லிவிட்டார். அந்த மாலை முழுவதும் தெரிந்தவர் அவர், கேட்டுச் செய்தவன் நான்.

பிற்பகுதியில் வளர்ந்த மகனாக நாம் ஆட வேண்டியிருக்கும். தூரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அதை அம்மாவோடு சேர்ந்து ஆடும்போது, அதற்குப் பிறகு பேசுவதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உடனே எழுந்து போக முடியாது.

ஈப்போ சாலை ஆசிரியை எழுதியது:

என் ஐயம் முழுதும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கூட்டம் கூடும் திருநாளில் மூலையில் இருவர் மட்டும் திரையில் மூழ்குவதை இன்னும் ஏற்கமாட்டேன். ஆயர் ஈத்தாம் சகோதரி எழுதிய கைப்பேசி விஷயம் எனக்கும் நேர்வதுதான். என் மகன் கோலாலம்பூரிலேயே இருக்கிறான், கணினியில்தான் விளையாடுவான். அவன் வீட்டில் அவனும் என் வீட்டில் நானும் இருந்துகொண்டு, நான் எதுவும் வாங்காமல், முதலில் முயன்று மட்டும் பார்க்க வழி இருக்கிறதா?

செந்தூல் அப்பா எழுதியது:

இருக்கிறது, அம்மா. மகன் ஸ்டீம் என்ற கணினி கேம் தளத்தில் கணக்கு வைத்திருந்தால், ‘ரிமோட் பிளே டுகெதர்’ என்ற வசதியில் அவர் ஒருவர் கேம் வைத்திருந்தாலே போதும். ஒரே திரையில் பலர் ஆடக்கூடிய கேமை அவர் கணினி ஓட்டும், காட்சி மட்டும் உங்கள் கணினிக்கு வரும். இருவர் வீட்டிலும் இணையம் சீராக இருக்க வேண்டும். முடிந்தால் வைஃபையை விட்டுக் கம்பி இணைப்பில் போடச் சொல்லுங்கள், தாமதம் வெகுவாகக் குறையும். ‘இட் டேக்ஸ் டூ’ என்றால் இதுவும் தேவையில்லை. வாங்கியவர் அழைத்தால், மற்றவர் நண்பர் அனுமதிப் பதிப்பை இலவசமாக இறக்கி முழுக் கதையையும் ஆடலாம். எதுவானாலும் கண்ட்ரோலர் ஒன்று உங்களுக்கென்று தனியாக இருந்தால் நல்லது. பொட்டு ஒட்டும் வேலையை மகனிடம் கொடுக்காமல் நீங்களே செய்யுங்கள். எந்த விரல் எதைத் தேடுகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.